சந்தனப் பொட்டு வைத்த திரை

ஜெயந்தி போன் செய்தாள். நான் வேலை பார்த்த பள்ளியில் இப்போது இயற்பியல் நடத்துகிறவள். நான் எழுந்து வந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள். பள்ளிக்குப் புதிதாகக் கைக்கணினிகள் வந்திறங்கியிருக்கின்றனவாம். விழா உண்டாம். விழாவுக்கு ஒரு மலர் உண்டாம். தொழில்நுட்ப வகுப்பறை பிள்ளைகளைக் கல்லூரிக்கு எப்படித் தயார் செய்கிறது என்று பழைய ஆசிரியை ஒருத்தி எழுதினால் மலருக்கு அழகாக இருக்குமாம்.

"அனுபவமா எழுதுங்க டீச்சர். ஒங்க கோவத்தை மட்டும் வீட்டுல வச்சிட்டு எழுதுங்க" என்று சிரித்தாள்.

"அது வீட்டுல தங்காதுட்டி. நான் போற எடத்துக்கெல்லாம் செருப்பு மாட்டிக்கிட்டுக் கூடவே வரும்" என்றேன்.

ஓய்வு பெற்றவள் என்றதும் நரைத்த தலையை எண்ணிக்கொள்ள வேண்டாம். ஐம்பதைத் தாண்டிய கையோடு விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவள் நான். ஓய்வு என்ற அந்தச் சொல்லே எனக்குச் சேரவில்லை. சித்திரை வெயிலில் கரிசல் பிளந்து கிடக்கிறதே, அது ஓய்வாகவா கிடக்கிறது? வாயைத் திறந்து வைத்துக்கொண்டு வானத்தை ஏசிக்கொண்டிருக்கிறது. நானும் அப்படித்தான் கிடக்கிறேன்.

பயின்ற காலத்தை ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். பி.எட். படிக்கும்போது, கண்ணாடித் தாளில் எழுதியதைச் சுவரில் பெரிதாகக் காட்டும் விளக்குப் பெட்டி ஒன்று வகுப்பில் இருந்தது. பேராசிரியர் மட்டும் தொடுவார். வேலைக்கு வந்தபின் கணினிப் பயிற்சி என்று அழைத்தார்கள். ஒரே ஒரு கணினி; அதைச் சுற்றி வரிசையாக நாங்கள். பயிற்சி தருபவர் மவுஸை அசைக்க அசைக்க நாங்கள் குறிப்பெடுத்தோம். மவுஸை எப்படிப் பிடிப்பது என்பதைப் பேனாவால் எழுதிப் படித்த தலைமுறை நாங்கள். சான்றிதழ் கொடுத்துக் கை குலுக்கி அனுப்பினார்கள். அன்றைக்கு நானும் மற்றவர்களோடு சேர்ந்து சிரித்தேன். சிரிப்பதற்கு அதில் ஒன்றுமில்லை என்று தெரிய இன்னும் பல வருடம் ஆயிற்று.

எங்கள் பள்ளி கோவில்பட்டியில், ஊர்ப் பெரிய வியாபாரிகள் கூடி நடத்துகிற உதவி பெறும் பள்ளி. தீப்பெட்டி ஆலை வைத்திருந்த ஒரு முதலாளி மேல்நிலை வகுப்புகளுக்காகத் தொடுதிரைப் பலகை ஒன்றும், வரிசையாக வைக்கக் கணினிகளும் வாங்கித் தந்தார். நல்ல மனதோடுதான் தந்தார். தன் பெண் அமெரிக்காவில் இதைத் தொட்டுத்தான் படிக்கிறாள் என்று சொல்லித் தந்தார். அதுவரைக்கும் குறை சொல்ல ஒன்றுமில்லை.

குறை சாவியில் இருந்தது.

சாவி தலைமையாசிரியரின் சட்டைப் பையில் இருக்கும். அவர் கோபப்பட்டு நான் பார்த்ததேயில்லை. குரல் உயராது. எதைக் கேட்டாலும் முதலில் பையைத் தட்டிப் பார்த்துக்கொள்வார். உள்ளே சாவி சத்தம் போட்டதும் முகம் அமைதியாகும். பிறகு, "பார்த்துக்கிடுவோம் டீச்சர்" என்பார். அந்தச் சொல்லில் எத்தனை வருடம் புதைந்து கிடக்கிறது என்று தோண்டிப் பார்த்தால் தெரியும். அவரைக் கெட்டவர் என்று சொல்லி நான் தப்பித்துக்கொள்ள முடியாது. அவருக்கு முன்பிருந்தவர், நுண்ணோக்கி ஒன்று கணக்கில் குறைந்ததற்காக ஓய்வூதியம் கிடைக்காமல் அலுவலகம் அலுவலகமாக அலைந்து செத்தார். இவர் அதைக் கண்ணால் பார்த்தவர்.

ஒருமுறை மனம் விட்டு என்னிடம் சொன்னார். "டீச்சர், பிள்ளைய அறிவு கொறஞ்சு போச்சுன்னா ஆடிட்டுல யாரும் கேக்க மாட்டாவ. சாமான் கொறஞ்சாத்தான் கேப்பாவ."

இதைவிட உண்மையான வாக்கியத்தை என் பணிக்காலத்தில் நான் கேட்டதில்லை. இதைவிட அருவருப்பானதையும்.

அந்த அறைக்குள் போக முறை ஒன்று உண்டு. செருப்பை வெளியே வரிசையாக விட வேண்டும். கால் துடைக்க வேண்டும். பெண்பிள்ளைகள் இடதுபக்கம், பையன்கள் வலதுபக்கம். கணினிகளுக்குப் பிளாஸ்டிக் உறை. உறையைக் கழற்றக் கூடாது, தூசி விழும். தொடுதிரைப் பலகையின் மேல் சரிகை வைத்த துணி. அதை விலக்குவதற்கு முன் தலைமையாசிரியர் கண்ணை மூடி ஒரு கணம் நிற்பார். திரையில் முதல் வெளிச்சம் வரும்போது பின்வரிசையில் யாராவது கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். பிள்ளைகளைச் சொல்லிக் குற்றமில்லை. மூலஸ்தானம் போலக் கட்டி வைத்தால் கும்பிடத்தான் செய்வார்கள்.

ஆயுத பூசை வந்தது. பலகைக்கு மாலை, வாழைக்கன்று, பொரிகடலை. நான்கு ஓரச் சட்டத்திலும் பட்டையாகச் சந்தனம் பூசி நடுவில் குங்குமம் வைத்தார்கள். விடுமுறை முடிந்து திறந்தால் பலகை பைத்தியம் பிடித்துக் கிடந்தது. தொடாமலே கோடு போட்டது. அம்புக்குறி இடது மூலையில் போய் ஒட்டிக்கொண்டு நடுங்கியது.

"ஏலே, போர்டுக்குப் பேய் புடிச்சிட்டுலே!" என்று ஒருவன் கத்தினான்.

"பொரிகடலைய நீ மட்டும் தின்னேல்லா, அதான் நம்மகிட்ட கோவிச்சுக்கிட்டு" என்றாள் ஒரு பெண். வகுப்பே சிரித்தது.

தலைமையாசிரியர் சிரிக்கவில்லை. "கண்ட கையும் பட்டுக் கெட்டுப் போச்சு" என்று தீர்ப்பு எழுதினார். அறை பூட்டப்பட்டது. நிறுவனத்து ஆள் வருவார் என்றார்கள். கார்த்திகை போயிற்று, மார்கழி போயிற்று. பருத்திக் காட்டில் காய் வெடித்துப் பஞ்சும் எடுத்தாகிவிட்டது. ஆள் வரவில்லை.

நான் ஒருநாள் கெஞ்சிச் சாவி வாங்கி உள்ளே போனேன். அந்தப் பலகையில் மாயம் ஒன்றுமில்லை. ஓரச் சட்டத்துக்குள்ளிருந்து கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கற்றைகள் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் ஓடும். விரல் குறுக்கே வந்தால் கற்றை மறையும். எங்கே மறைந்ததோ அங்கே தொட்டதாகப் பலகை எடுத்துக்கொள்ளும். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு நடத்துகிற பாடம்தான். சந்தனம் காய்ந்து சட்டத்தை அடைத்துக்கொண்டிருந்தது. யாரோ விரலை எடுக்காமல் அழுத்திக்கொண்டே இருக்கிறார்கள் என்று பலகை இத்தனை மாதமாக நம்பிக் கிடந்திருக்கிறது. ஈரத்துணியால் துடைத்தேன். அம்புக்குறி மூலையை விட்டு நடுவுக்கு வந்து நின்றது.

தலைமையாசிரியர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பலகை சரியானதைப் பார்க்கவில்லை. என் கையிலிருந்த துணியைப் பார்த்தார். அதில் குங்குமம் அப்பியிருந்தது.

"பொட்டை அழிச்சிட்டீங்களே டீச்சர்."

"அதுனாலதான் சார் இது வேலை செய்யாமக் கெடந்துச்சு."

"இருக்கலாம். ஆனா முதலாளி வந்து பார்த்தா என்ன நெனைப்பாவ? ஒரு பொம்பளை நீங்களே இப்பிடிச் செய்யலாமா?"

குங்குமத்தை அவரே மறுபடி வைத்தார், சட்டத்துக்கு மேலே சுவரில். அந்த அளவுக்கு இறங்கி வந்ததே பெரிய காரியம். ஆனால் 'கண்ட கையும் பட்டு' என்ற தீர்ப்பை அவர் திரும்பப் பெறவில்லை. காரணம் சந்தனம் என்று தெரிந்த பிறகும் தண்டனை பிள்ளைகளுக்குத்தான். இனி வகுப்புக்கு ஒரு கை. லீடர் மட்டும் தொடுவான். மற்றவர்கள் இருந்த இடத்திலிருந்து விடை சொல்ல வேண்டும்.

லீடர் செந்தில். நல்ல பையன், சுத்தமான நகம். அந்த நகத்துக்காகத்தான் அவனைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று வகுப்பில் கேலி. திரையில் கேள்வி வரும். அதற்கு முதலில் வாய் திறக்கிறவள் ராஜலட்சுமி.

ராஜலட்சுமிக்குப் பசுவந்தனைப் பக்கம் ஊர். அப்பாவுக்கு மானம் பார்த்த பூமி கொஞ்சம். மழை பெய்தால் உளுந்து, பெய்யாவிட்டால் கடன். அம்மா வேனில் ஏறிப் புதியம்புத்தூர் போய் ரெடிமேட் சட்டை தைக்கிறவர். விடுமுறை நாளில் ராஜலட்சுமியும் கூடப் போய்ச் சட்டைகளில் நூல் பிசிறு வெட்டுவாள். கேள்வியை அவள் முழுதாகப் படிப்பதற்கு முன்பே விடை வந்துவிடும். "ரெண்டாவது!" என்பாள். வகுப்பு மொத்தமும் "ரெண்டாவது!" என்று பின்பாட்டுப் பாடும். செந்தில் இரண்டாவதைத் தட்டி, கீழே 'சேமி' என்றிருக்கும் பொத்தானையும் தட்டுவான். அடுத்த கேள்வி.

பார்வையாளர்கள் வந்தால் இதைத்தான் காட்டுவோம். எல்லாக் கேள்விக்கும் சரியான விடை. அதிகாரிகள் கைதட்டுவார்கள். ஒரு வகுப்பையே ஒட்டிப் பிசைந்து ஒரே ஒரு மாணவனாக்கி வைத்திருக்கிறோம், அவனுக்கு வாய் ஓர் இடத்திலும் கை ஓர் இடத்திலும் இருக்கிறது என்று யாரும் பார்க்கவில்லை. ராஜலட்சுமி வாயைத் திறந்தபடி, செந்தில் பலகையைத் தொட்டபடி ஒரு புகைப்படம் எடுத்தார்கள். முதலாளி படத்தோடு சேர்த்து, அடுத்த வருடச் சேர்க்கைக்காக ஊர் ஊராகப் பேனர் வைத்தார்கள்.

ராஜலட்சுமிக்கு ஒரே ஒரு ஆசை. மத்திய அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றில் இயற்பியல் ஐந்தாண்டுப் படிப்பு. விடுதி உண்டு, கட்டணம் சொற்பம். அதற்கு நுழைவுத் தேர்வு. கணினியில் எழுத வேண்டும். கிடைத்தால் படிப்பு, கிடைக்காவிட்டால் வேன். அம்மா அதைத் தெளிவாகவே சொல்லியிருந்தார். வேறு கல்லூரிக்குப் பணம் கட்ட அந்த வருடம் வானத்திலும் ஒன்றுமில்லை, வீட்டிலும் ஒன்றுமில்லை.

நான் தலைமையாசிரியரிடம் போனேன். தேர்வு எழுதப் போகிற பிள்ளைகளைக் கணினியில் தனித்தனியாக உட்கார வைக்க வேண்டும், உறையைக் கழற்றித் தாருங்கள் என்றேன். பையைத் தட்டினார்.

"முதலாளி இந்த மாசம் வருதாவ. வெள்ளையடிச்சிருக்கு. அவிய வந்துட்டுப் போகட்டும், பார்த்துக்கிடுவோம்."

"தேர்வு காத்திருக்காது சார்."

"இந்தக் காலத்துப் பிள்ளைய டீச்சர், இவியளுக்குச் சொல்லியா குடுக்கணும்? செல்போனைக் கரைச்சுக் குடிச்சிருக்குதுவ."

அதுதான் ஊர் முழுக்கச் சொல்கிற பொய். விரலால் படத்தைத் தள்ளத் தெரிந்த பிள்ளைக்கு எல்லாம் தெரியும் என்கிற பொய். ராஜலட்சுமி வீட்டில் ஒரு போன் இருந்தது. அது அம்மாவோடு வேனில் போய் இருட்டிய பிறகு வரும்.

என் பழைய மடிக்கணினியைக் கொண்டுபோனேன். வெளிச் சாமான் பள்ளிக்குள் வரக்கூடாது என்று தலைமையாசிரியர் திருப்பி அனுப்பினார். அதுவும் தணிந்த குரலில்தான். கடைசியில் என்ன செய்தேன் தெரியுமா? கரும்பலகையில் சுண்ணக்கட்டியால் கணினித் திரையை வரைந்தேன். இங்கே கேள்வி. இங்கே நான்கு விடை. வலப்பக்கம் கேள்வி எண்களின் கட்டம். கீழே 'சேமித்து அடுத்தது' என்ற பொத்தான். ஒவ்வொருவராக வந்து விரலால் தொட்டுக் காட்டச் சொன்னேன். பூட்டிய கதவுக்கு அந்தப் பக்கம் உறை போட்ட கணினிகள். இந்தப் பக்கம் நாங்கள் சுவரைத் தொட்டுக்கொண்டிருந்தோம். சுண்ணாம்பில் வரைந்த பொத்தானை அமுக்கினால் என்ன, அமுக்காமல் போனால் என்ன? சுவர் கோபிக்காது. விரலில் கொஞ்சம் வெள்ளை ஒட்டும், அவ்வளவுதான்.

தேர்வு திருநெல்வேலியில். முடிந்த அன்று சாயங்காலம் ராஜலட்சுமியும் அம்மாவும் நேராக என் வீட்டுக்கு வந்தார்கள். ரயிலில் வரும் வழியில் கடம்பூரில் போளி வாங்கியிருந்தார்கள். பொட்டலத்தில் நெய் கசிந்திருந்தது.

"மொதல்ல இனிப்பு டீச்சர். பெறவுதான் கதை" என்றாள் ராஜலட்சுமி. நான் ஒரு வாய் கடித்தேன்.

"எப்பிடிட்டி எழுதுன?"

"எல்லாமே தெரிஞ்சது டீச்சர்! பெருசு பெருசாக் கணக்கு வந்தா அதை விட்டுட்டு, சைடுல நம்பர் இருக்குல்லா, அதைத் தட்டித் தட்டித் தாவிப் போனேன். சின்னதை முடிச்சிட்டுப் பெருசுக்கு வந்தேன். நேரமே பத்தல. கடைசியில தானாவே மூடிக்கிடுச்சு."

போளியைக் கீழே வைத்தேன். "விடையைத் தட்டினதும் கீழ 'சேமி'ன்னு இருந்திருக்குமே. அதை அமுக்குனியா?"

அவள் என்னைப் பார்த்தாள். ஏதோ வேடிக்கையாகக் கேட்கிறேன் என்று நினைத்தாள்.

"அது செந்தில் வேலைலா டீச்சர்."

சொன்ன பிறகுதான் அந்தச் சொல் அவள் காதிலேயே விழுந்தது. முகம் மெதுவாக அணைந்தது. "இல்ல டீச்சர்… ஒவ்வொரு நம்பரும் பொட்டு வச்ச மாதிரி செவப்பா மாறுச்சே. சரியாப் போய்ச் சேர்ந்துட்டுன்னுல்லா நெனச்சேன்…"

சிவப்பு என்றால் பார்த்துவிட்டு விடை தராமல் விட்ட கேள்வி. விடையைச் சேமித்தால்தான் பச்சை. சேமிக்காமல் எண்ணைத் தட்டித் தாவினால் தேர்ந்தெடுத்த விடை காற்றோடு போய்விடும். நான் சொன்னேன். சொல்லாமல் எப்படி இருப்பேன்? அவள் அழவில்லை. கையிலிருந்த போளியைத் திரும்பப் பொட்டலத்துக்குள் வைத்து மடித்தாள்.

அவள் அம்மா கேட்டார். "எம்பிள்ளைக்கு வெடை தெரியாமப் போச்சா டீச்சர்?"

"தெரியும்."

"எல்லாம் தெரியுமா?"

"எல்லாம் தெரியும்."

"பெறவு என்ன மயித்துக்குத் தோத்தா?"

அந்தக் கேள்விக்கு இப்போது எழுதிக்கொண்டிருப்பதுதான் பதில்.

முடிவு வந்தது. ராஜலட்சுமிக்கு ஏறக்குறைய ஒன்றுமில்லை. செந்திலும் அதே தேர்வை எழுதியிருந்தான். அவன் ஒவ்வொரு கேள்விக்கும் ஒழுங்காகச் சேமித்திருக்கிறான்; எண்கள் எல்லாம் பச்சை. விடைகள்தான் தப்பு. இத்தனை நாளும் விடையை அவன் காதில் ஊதிக்கொண்டிருந்த வாய் வேறொரு அறையில் உட்கார்ந்திருந்தது. இரண்டு பிள்ளைகளையும் பாதிப் பாதியாக வெட்டி வைத்துவிட்டு, சேர்த்து வைத்துப் படம் எடுத்து, கைதட்டு வாங்கியிருக்கிறோம்.

தலைமையாசிரியரிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டார். "பதட்டத்துல பண்ணிருக்கும், பாவம். பொதுத் தேர்வுல நம்ம ஸ்கூல் அத்தனை பேரும் பாஸ்லா டீச்சர். வசதியெல்லாம் செஞ்சு குடுத்துட்டோம்."

"அந்தப் பேனரையாவது எடுத்துருங்க சார்."

"அதுல முதலாளி படம் இருக்கே."

பேனரில் ஒன்று ராஜலட்சுமி ஊர்ப் பேருந்து நிறுத்தத்தில் கட்டியிருந்தது. தினம் காலையில் அவள் அதன் கீழே நின்றுதான் புதியம்புத்தூர் வேனுக்குக் காத்திருந்தாள். மேலே அவள் முகம், ஆள் உயரத்துக்கு, விடை சொல்ல வாய் திறந்தபடி. கீழே அவள், சாப்பாட்டுத் தூக்குவாளியோடு, வாய் மூடியபடி. நான் ஒருநாள் போய்ப் பார்த்தேன். அதன்பிறகு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை, சாந்தம் பிடிக்கவில்லை, 'பார்த்துக்கிடுவோம்' என்ற சொல் பிடிக்கவில்லை.

பள்ளி திறந்த அன்று சாவி கேட்கவில்லை. ஸ்குரூ டிரைவர் கொண்டு போய்க் கதவின் கொண்டியையே கழற்றினேன். உறைகளை உருவி வராந்தாவில் எறிந்தேன். புதிய பன்னிரண்டாம் வகுப்பைச் செருப்போடு உள்ளே வரச் சொன்னேன். "கெட்டுப் போனா?" என்று ஒரு பெண் பயந்தாள். "கெடட்டும்ட்டி. நீ கெட்டுப் போறதுக்கு அது கெட்டுப் போகட்டும்" என்றேன். மத்தியானத்துக்குள் ஒரு மவுஸ் உடைந்தது. ஒரு கணினி எழுந்திருக்கவில்லை. ஆனால் அத்தனை கைகளும் அழுக்காயின.

விளக்கம் கேட்டு ஓலை வந்தது. பள்ளிச் சாமானைச் சேதப்படுத்தினேனாம். இரண்டு முறை பதில் எழுதினேன். மூன்றாவதற்கு விருப்ப ஓய்வு எழுதினேன். கொண்டி மறுபடி ஏறியது. இம்முறை வெளியே ஸ்குரூ தெரியாதபடி.

வீட்டு முன்னறையில் பழைய கணினி ஒன்று வாங்கிப் போட்டேன். வேன் ஓடாத ஞாயிறுகளில் ராஜலட்சுமி வந்தாள். முதல் ஞாயிறு மவுஸைப் பிடித்த கை வேர்த்தது. விடை தெரிந்ததும் பழக்கத்தில் "ரெண்டாவது!" என்று கத்தினாள், அப்புறம் யாரும் தட்டவில்லையே என்று சுற்றிப் பார்த்தாள். "வாயை மூடிக்கிட்டுக் கையத் தொறட்டி" என்றேன். கோபத்தில் அந்தப் பொத்தானை எத்தனை அமுக்கு அமுக்கினாள் தெரியுமா, மவுஸின் இடது கன்னம் வழுவழுவென்று ஆகிவிட்டது. அடுத்த வருடத் தேர்வில் மேற்பார்வையாளர் வந்து, "மெதுவாம்மா, ஒடைச்சிராத" என்றாராம். இடம் கிடைத்தது. இப்போது அந்த விடுதியில் இருக்கிறாள்.

கைதட்டாதீர்கள். ஒரு வருடம் ஒரு பெண்ணின் வயதிலிருந்து பிசிறு மாதிரி வெட்டி எறியப்பட்டிருக்கிறது. செந்தில் ஒரு கடையில் பில் போடுகிறான். விரல் இப்போதும் சுத்தமாக வேலை செய்கிறது.

ஜெயந்தி, இதுதான் என் அனுபவக் கட்டுரை. மலரில் போடுவீர்களோ, போளி மடிக்கக் கொடுப்பீர்களோ, எனக்குக் கவலை இல்லை. ஆனால் அன்றைக்குப் போனை வைப்பதற்கு முன் நான் கேட்டதையும் நீ சொன்னதையும் விட்டுவிடாமல் இதன் கீழே சேர்த்துவிடு.

"கைக்கணினி பெட்டியெல்லாம் பிரிச்சாச்சா?" என்று கேட்டேன்.

"இன்னும் இல்ல டீச்சர். நல்ல நாள் பார்த்து, பூசை போட்டுட்டுப் பிரிக்கலாம்னு சார் சொல்லுதாவ. பீரோவுல பத்திரமா இருக்கு."

"சாவி?"

"…சார் பையிலதான் டீச்சர்."

"பிள்ளையளுக்கு நுழைவுத் தேர்வு எப்பம்?"

"அடுத்த மாசம்."

"போனை வைட்டி. போயிப் பெட்டியப் பிரி."